வரிசையைப் பார்க்க மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சூப்பர் கணினிகளைப் பற்றி உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2015இல் ஒப்புதல் பெற்ற தேசிய சூப்பர்கணினித் திட்டம், அதற்கு ஒதுக்கிய 4,500 கோடி ரூபாய், 2019இல் வாரணாசியில் வந்த பரம் சிவாய் கணினி, 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் தொடங்கிய 838 டெராஃப்ளாப்ஸ் பரம் பொருள் என்று எல்லாம் இருந்தது. 838 டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள், சின்ன விஷயமில்லை, எழுத வேண்டியதுதான். ஆனால் இப்படிப்பட்ட ஒரு கணினியில் பயனர் கணக்கு வாங்கிய ஆராய்ச்சி மாணவர் தன் ஜாபை, அதாவது அதில் ஓட வேண்டிய வேலையை, கொடுத்துவிட்டு மூன்று நாள் ஏன் காத்திருக்கிறார், அந்த மூன்று நாளும் உள்ளே என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிறேன், கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கல்வி நிறுவனத்தில் கிளஸ்டர் நிர்வாகியாக இருக்கிறேன். பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்கும் அமைப்புதான் கிளஸ்டர். எங்கள் கிளஸ்டர் பரம் கணினிகளின் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் வரிசையை நிர்வகிக்கும் மென்பொருள் அவற்றில் பலவற்றில் இருப்பதுதான்: ஸ்லர்ம். 2002 வாக்கில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் உருவானது, மூலநிரலோடு இலவசமாகக் கிடைப்பது, உலகின் மிகப் பெரிய கணினிகள் பலவும் இதில்தான் ஓடுகின்றன. யாருடைய ஜாப் எந்த நோடில் (கிளஸ்டரில் உள்ள ஒரு தனிக் கணினி), எத்தனை கோரில் (சிபியுவுக்குள் இருக்கும் கணக்கிடும் அலகு), எவ்வளவு மெமரியோடு, எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்வது இதுதான். அந்த முடிவை ஏன் எடுத்தது என்றும் கேட்டால் சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை.

கேட்பது கட்டளை வரியில், அதாவது விசைப்பலகையில் கட்டளையைத் தட்டி. (இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும், ஸ்லர்மின் கட்டளைகள் எல்லாமே எஸ் என்ற எழுத்தில் தொடங்குவதால் கண்டுபிடிப்பது எளிது.) "சார், என் ஜாப் ஓடவே மாட்டேங்குது" என்று எங்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் பெரும்பாலானவற்றுக்கு 'எஸ்க்யூ --மீ' என்ற ஒரே கட்டளையின் கடைசி நெடுவரிசையிலேயே பதில் இருக்கும். அங்கே 'ரிசோர்சஸ்' என்று இருந்தால் உங்கள் முறை வந்துவிட்டது, நோடு காலியாக வேண்டியதுதான் பாக்கி. 'பிரயாரிட்டி' என்று இருந்தால் உங்களுக்கு முன்னால் வேறு ஜாப்கள் நிற்கின்றன. இவை இரண்டும் காத்திருந்தால் தீரும். ஆனால் உங்கள் ஆய்வுக்குழுவுக்கு ஒதுக்கிய சிபியு நிமிடங்கள் தீர்ந்துவிட்டன என்ற பொருளில் 'அசோக்' என்று தொடங்கும் ஒரு காரணம் வரும், அதற்கு நாள்கணக்கில் காத்திருந்தும் பயனில்லை, வழிகாட்டிப் பேராசிரியர் போய்க் கூடுதல் ஒதுக்கீடு கேட்க வேண்டும். 'டிபென்டென்சி நெவர் சாட்டிஸ்ஃபைட்' என்று வந்தால், முந்தைய ஜாப் தோற்றுப்போனதால் இது இனி ஓடவே ஓடாது, ரத்து செய்துவிட்டுப் புதிதாகக் கொடுக்க வேண்டும். இந்த நான்குக்கும் வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் 'க்யூ ஃபுல்லாக இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை, அவர்களுடைய உதவித்தொகைக் காலம் அல்லவா ஓடிக்கொண்டிருக்கிறது!

இன்னொரு காரணம் வரும், கேட்ட நோடு கிடைக்கவில்லை என்று. பராமரிப்புக்காக வியாழக்கிழமை காலை கிளஸ்டரை நிறுத்தப்போகிறோம் என்றால் அந்த நேரத்தை முன்கூட்டியே ஸ்லர்மில் குறித்துவைப்போம். செவ்வாய்க்கிழமை ஒருவர் 72 மணி நேரம் கேட்டு ஜாப் கொடுத்தால் அது வியாழனைத் தாண்டும், அதனால் ஸ்லர்ம் அதைத் தொடங்கவே தொடங்காது. உண்மையில் அந்த ஜாபுக்குத் தேவை பத்து மணி நேரம்தான் என்றால், நேரத்தைக் குறைத்தால் போதும், இடமிருந்தால் உடனே ஓடத் தொடங்கிவிடும். இதற்கு நிர்வாகியிடம் வரவே வேண்டாம், 'எஸ்கண்ட்ரோல் அப்டேட்' கொடுத்து மாணவரே தன் ஜாபின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், வரிசையில் இடமும் போகாது. கூட்டுவதற்குத்தான் நாங்கள் வேண்டும்.

இப்படித் தேவைக்கு மேல் 72 மணி நேரம் கேட்பது பற்றித்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஸ்லர்மில் பேக்ஃபில் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளிக்கிழமை பெரிய கல்யாணம், அதுவரை மண்டபம் காலி, புதன்கிழமை மாலை மூன்று மணி நேரத்துக்கு ஒரு வளைகாப்பு என்று கேட்டால் மேலாளர் தயங்காமல் கொடுப்பார், ஆனால் அதே வளைகாப்புக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாள் கேட்டால் வெள்ளிக்கிழமைக் கல்யாணத்தோடு இடிக்கும், கொடுக்க முடியாது. பேக்ஃபில் செய்வது இதைத்தான். பெரிய ஜாபுக்காக நோடுகளைச் சேர்த்துவைக்கும்போது நடுவில் விழும் இடைவெளியில் சின்ன ஜாபை ஓட்டிவிடும், ஒரே நிபந்தனை, சின்ன ஜாப் தன் நேரத்தை ஓரளவு உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அனுமதிக்கும் உச்ச நேரத்தையே கேட்டால் ஸ்லர்முக்கு இடைவெளி என்று ஒன்றே தென்படாது. நோடு காலியாகக் கிடக்கும், வரிசையும் நீளமாக இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதைப் பார்த்துத்தான் பலர் நிர்வாகத்தின் மீது சந்தேகப்படுகிறார்கள்.

சரி, மாணவர்கள் ஏன் இப்படிக் கேட்கிறார்கள்? பேராசை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பயம்தான் காரணம். இரண்டு நாள் ஓடிய ஜாப் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது நேரம் தீர்ந்து கொல்லப்பட்டால், அடுத்த முறை யாராக இருந்தாலும் உச்ச நேரத்தைத்தான் கேட்பார்கள். மெமரி போதாமல் 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஒருமுறை செத்துப்போனால் அடுத்த முறை முழு நோடின் மெமரியையும் கேட்பார்கள். எவ்வளவு தேவை என்று தெரிந்துகொள்ள வழியிருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வழி இருக்கிறது. முடிந்த ஜாபைப் பற்றிக் கேட்க 'எஸ்அக்ட்'. 'எஸ்கண்ட்ரோல் ஷோ ஜாப்' என்பதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, ஆனால் அமைப்பை மாற்றாமல் விட்டால் ஜாப் முடிந்து 300 நொடிக்குப் பிறகு அது தகவலை மறந்துவிடலாம். எஸ்அக்ட் தரவுத்தளத்திலிருந்து எடுப்பதால் பழைய ஜாப்களும் கிடைக்கும். கேட்ட நேரம், ஓடிய நேரம், கேட்ட மெமரி, உச்சமாகத் தொட்ட மெமரி என்று நான்கு நெடுவரிசைகளை மட்டும் வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: உச்ச மெமரி ஜாபின் முதல் வரியில் காலியாக இருக்கும், அதற்குக் கீழே 'பேட்ச்' என்று முடியும் வரியில்தான் எண் இருக்கும். அந்த எண்ணும் குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்த அளவுதான், வழக்கமாக 30 நொடிக்கு ஒருமுறை, அதனால் கண நேரம் எகிறிய மெமரி அதில் தப்பிப்போகலாம். எனவே வந்த எண்ணுக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேளுங்கள், கால்பங்கு கூடச் சேர்க்கலாம், தவறில்லை. 6 ஜிபி தொட்ட நிரலுக்கு 180 ஜிபி கேட்பதுதான் தவறு, ஏனென்றால் அந்த நோடில் சும்மா இருக்கும் மற்ற கோர்களை வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் போகிறது.

பல இடங்களில் 'செஃப்' என்ற சின்ன கருவியையும் நிறுவியிருப்பார்கள். ஜாப் எண்ணைக் கொடுத்தால் சிபியு திறன் இத்தனை சதவீதம், மெமரி திறன் இத்தனை சதவீதம் என்று இரண்டு வரியில் சொல்லிவிடும். நான் பார்ப்பதில் மிகச் சாதாரணமாக வரும் எண் 2 சதவீதத்தை ஒட்டியது. கணக்கு எளிது: ஒரே கோரில் ஓடும் பைத்தான் நிரலுக்கு 48 கோர் கேட்டால் நூறில் 2.08 பங்குதான் வேலை செய்யும், மீதி 47 கோர்கள் அந்த மாணவர் பெயரில் சும்மா நிற்கும். கோர்களை அதிகம் கேட்டால் நிரல் தானாக வேகமாக ஓடும் என்று நினைத்துக் கேட்கிறார்கள். நிரலை அப்படி எழுதியிருந்தால்தான் ஓடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னொன்று, ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது செஃப் சொல்வதை நம்பக் கூடாது, முடிந்த பிறகுதான் அது சரியான எண். ஓடும்போது பார்க்க 'எஸ்ஸ்டாட்' இருக்கிறது.

ஜிபியு (ஒரே சமயத்தில் ஏராளமான கணக்குகளைச் செய்யும் செயலி) விஷயம் இன்னும் மோசம். இப்போது எல்லோருக்கும் ஜிபியு வேண்டும், எண்ணிக்கையோ குறைவு, காத்திருப்பும் அங்கேதான் அதிகம். ஆனால் வழக்கமான செஃப் ஜிபியு எவ்வளவு உழைத்தது என்று சொல்லாது. ஓடும் ஜாபுக்குள்ளேயே 'எஸ்ரன்' வழியாக, ஜாப் எண்ணையும் 'ஓவர்லாப்' என்ற விருப்பத்தையும் கொடுத்து, ஜிபியுவின் பயன்பாட்டைக் காட்டும் 'என்விடியா-எஸ்எம்ஐ' கட்டளையை ஓட்டிப் பார்க்க வேண்டும். பயன்பாடு பூஜ்யத்திலேயே நிற்கிறதா, நிரல் ஜிபியுவைத் தொடவே இல்லை, சிபியுவிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது, மாணவருக்கும் அது தெரியாது. மாலையில், உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்டும் ஜுப்பிட்டர் நோட்புக்கைத் திறந்து ஜிபியு வாங்கிவிட்டு, மூடாமல் விடுதிக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறார்கள், காலை வரை அந்த ஜிபியு யாருக்கும் இல்லை. வரிசையில் நிற்கும் இன்னொரு பிள்ளையின் இரவு அது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டளை தெரிந்த மாணவர்கள் சிலர் 'வாட்ச்' போட்டு நொடிக்கு ஒருமுறை எஸ்க்யூ ஓடும்படி வைத்துவிடுகிறார்கள், அல்லது ஜாப் முடிந்ததா என்று விடாமல் கேட்கும் ஒரு ஸ்கிரிப்டை எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு எஸ்க்யூவும் மையத்தில் இருக்கும் ஒரே நிரலிடம்தான் போய்க் கேட்கிறது, புதிய ஜாப்களுக்கு இடம் பார்ப்பதும் அதே நிரல்தான். பத்துப் பேர் இப்படிச் செய்தால் கிளஸ்டர் முழுவதும் மந்தமாகும். எஸ்க்யூவின் கையேட்டிலேயே இப்படிச் செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. ஜாப் முடிந்தாலோ தோற்றாலோ ஸ்லர்மே மின்னஞ்சல் அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தால் போதும். நிர்வாகிகள் 'எஸ்டயாக்' பார்த்தால் எந்தப் பயனர் எத்தனை முறை கேட்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும், ஸ்லர்மின் 23.02 பதிப்பிலிருந்து பயனருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கும் வசதியும் இருக்கிறது, அதை இயக்கிவைக்கலாம். ஆனால் எஸ்டயாக் பட்டியலை அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டி யாரையும் அவமானப்படுத்தாதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் அன்றே திருத்திக்கொள்கிறார்கள், நான் பேசியவர்களில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை.

'இந்தக் காலத்தில் போய்க் கட்டளை வரியா, அழகான வலைப்பக்கம் வைத்துவிடலாமே' என்று பேராசிரியர்களே கேட்கிறார்கள். வைக்கலாம், அதற்கான மென்பொருள்களாகக் கிராஃபானா இருக்கிறது, ஓபன் ஆன்டிமாண்ட் இருக்கிறது, நாங்களும் ஒரு பக்கம் வைத்திருக்கிறோம். ஒட்டுமொத்த நிலவரத்தைப் பார்க்க அது நல்லதுதான். ஆனால் தன் ஜாப் ஏன் நிற்கிறது என்று துல்லியமாகக் கேட்க எனக்குத் தெரிந்து கட்டளையைவிடச் சுருக்கமான வழி இல்லை. வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்டில் திணறும் இணைப்பிலும், தொலைவிலிருந்து கட்டளை தட்ட உதவும் எஸ்எஸ்ஹெச் ஓடும். மாணவர் நாளை வேறு ஊரில் வேறு கிளஸ்டருக்குப் போனால் அங்கே எங்கள் வலைப்பக்கம் இருக்காது, எஸ்க்யூ இருக்கும். ஸ்லர்முக்குப் பதில் பிபிஎஸ் என்ற வரிசை மென்பொருளை வைத்திருக்கும் இடத்துக்குப் போனாலும் கட்டளையின் பெயர்தான் மாறும், கேட்க வேண்டிய கேள்விகள் இவையேதான்.

இதற்காகப் பெரிய கணினி கையில் இருக்க வேண்டும் என்றில்லை. கல்லூரி ஆய்வகத்தில் ஓரங்கட்டிய மூன்று நான்கு பழைய கணினிகள் போதும், உபுண்டுவில் 'ஸ்லர்ம்-டபிள்யூஎல்எம்' என்ற தொகுப்பை நிறுவி, மஞ்ச் என்ற அடையாளச் சரிபார்ப்பை அமைத்து, ஒரு குட்டி கிளஸ்டரைக் கட்டிவிடலாம். முதலில் கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள், நேரம் விலகியிருந்தால் மஞ்ச் நுழையவிடாது, பலர் அங்கேதான் ஒரு நாளை இழக்கிறார்கள். அதில் பத்து ஜாப் போட்டு, ஒரு நோடை வேண்டுமென்றே 'டிரெய்ன்' செய்து (புதிய ஜாப் எதுவும் ஏறாதபடி விலக்கிவைத்து), வரிசை எப்படி மாறுகிறது என்று மாணவர்களே பார்த்துவிட்டால் பெரிய கணினிக்குப் போகும்போது தடுமாற மாட்டார்கள். மாவட்டக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு பருவத்திலாவது செய்து பாருங்கள்.

பெரிய கிளஸ்டர்களை நடத்துகிறவர்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள். கணக்குத் திறந்து கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் உட்காரவைத்து எஸ்க்யூ, எஸ்அக்ட், செஃப் மூன்றையும் மாணவரின் கையாலேயே ஓட்டவையுங்கள், கையேட்டின் இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டால் யாரும் படிப்பதில்லை. இரண்டாவது, 'எஸ்ரிப்போர்ட்' தரும் மாதாந்திரப் பயன்பாட்டு அறிக்கையை வெளியில் வையுங்கள். எத்தனை சதவீத நேரம் ஒதுக்கப்பட்டது, எத்தனை சதவீதம் பழுது, எத்தனை சதவீதம் திட்டமிட்ட நிறுத்தம், எவ்வளவு காலி என்று அது சொல்லிவிடும். மக்கள் பணத்தில் வாங்கிய கணினிக்கு இந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 'எஸ்இன்ஃபோ' கட்டளையைப் பெரிய ஆர் விருப்பத்தோடு கொடுத்தால் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைத்திருக்கும் நோடுகளும் அவற்றை எப்போது, ஏன் விலக்கினோம் என்பதும் வரும். அதில் ஒரே நோடு மாதக்கணக்கில் ஒரே காரணத்தோடு நின்றால் அது பராமரிப்பு ஒப்பந்தத்தின் கோளாறு, மேலே இருப்பவர்கள் தட்டிக்கேட்க வேண்டியது.

ஆனால் ஒதுக்கிய சதவீதத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எஸ்ரிப்போர்ட் 95 சதவீதம் ஒதுக்கீடு என்று சொல்லும்போதே உண்மையில் சிபியு உழைத்தது அதில் மூன்றில் ஒரு பங்காக இருக்கலாம், 48 கோர் வாங்கி ஒரு கோரில் ஓட்டிய அந்த ஜாபும் 48 கோர் ஒதுக்கீடு என்றுதான் அந்த அறிக்கையில் ஏறும். எஸ்அக்டிலிருந்து மொத்த சிபியு உழைப்பையும் ஒதுக்கிய சிபியு நேரத்தையும் எடுத்து வகுத்து அதையும் பக்கத்தில் போட்டால்தான் முழுப் படம். அதைப் போடாமல் 'கிளஸ்டர் நிரம்பி வழிகிறது, இன்னும் வாங்க வேண்டும்' என்று கோப்பு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை, எண்ணைக் காட்டிக் கேட்கட்டும்.

உங்கள் செய்தியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கணினியைத் தொடங்கிவைக்கும் விழாவுக்குப் போனால் டெராஃப்ளாப்ஸோடு சேர்த்து இவற்றையும் கேட்டு எழுதுங்கள்: வரிசையில் ஒரு ஜாப் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கும், வெளிக் கல்லூரி மாணவருக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள், பயன்பாட்டு அறிக்கையை எந்தப் பக்கத்தில் போடப்போகிறீர்கள். பிறகு ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய் அதே கேள்விகளை மறுபடி கேளுங்கள். கல்விப் பக்கத்தில் அரைப்பக்கம் ஒதுக்குவீர்கள் என்றால் இந்தக் கட்டளைகளை முதலிலிருந்து, புதிய மாணவருக்குப் புரியும்படி தமிழில் எழுதித் தர நான் தயார், சன்மானம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கிளஸ்டர் நிர்வாகி,
கோயம்புத்தூர்